எழுத்தோட்டம் தொனியைக் கொடுக்கிறதா, வாங்குகிறதா?

2024 ஜூன் 8, மாலை. சம்மாந்துறை வாசகர் ஒருவரின் கேள்வி

நகைச்சுவைத் தொடரின் தொனியை அதன் எழுத்தோட்டம்தான், அதாவது தொடக்கத்தில் இசையோடு பெயர்கள் ஓடும் பகுதிதான், தீர்மானிக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். நான் எந்த எழுத்தோட்டத்தையும் முழுதாகப் பார்ப்பதில்லை. தாண்டும் பொத்தான் திரையில் தெரிந்தவுடன் அழுத்திவிடுவேன். அப்படியிருந்தும் எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது. அந்த முப்பது வினாடி எதற்கு?

ஜூன் 8, இரவு. என் பதில்

தீர்மானிக்கிறது என்பதே என் கட்சி. ஃபோல்டி டவர்ஸ் என்ற பிரித்தானியத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் 6, 1979இல் 6 என மொத்தம் 12 பாகங்களே வந்தன. அதன் எழுத்தோட்டத்தில் நால்வர் சேர்ந்து வாசிக்கும் மென்மையான நரம்பிசை ஒலிக்க, மரங்களுக்கு நடுவே ஒரு ஹோட்டலின் முகப்பும் வாசலில் அதன் பெயர்ப்பலகையும் தெரியும். வேறொன்றும் நடக்காது. ஆனால் பலகையிலுள்ள எழுத்துகள் பாகத்துக்குப் பாகம் இடம் மாறியோ, கழன்று விழுந்தோ, சாய்ந்தோ கிடக்கும். சில பாகங்களில் அவை சேர்ந்து, பெரியவர்கள் முன்னிலையில் வாசிக்கக் கூசும் சொல்லாகவே ஆகிவிடும். இசை கனவானாக நடந்துகொள்ள, பலகை போக்கிரித்தனம் செய்கிறது. தன்னை ஒரு கனவானாகக் காட்டப் பாடுபட்டு ஒவ்வொரு முறையும் மானம் போகிற ஹோட்டல்காரனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரையை யாராலும் எழுத முடியாது.

ஃபிரெண்ட்ஸ் தொடரிலும் அப்படித்தான். நியூயோர்க் பூங்காவொன்றின் நீரூற்றுக்குள் ஆறு பேரும் உடுப்போடு இறங்கிக் கூத்தடிக்கிறார்கள், பாட்டின் நடுவே நான்கு கைதட்டல் விழுகிறது. இவர்களுக்கு எது நேர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்ற உறுதி அந்தக் கைதட்டலிலேயே வந்துவிடுகிறது.

ஜூன் 9, காலை

திருத்தம். அந்த நீரூற்று நியூயோர்க்கில் இல்லை. கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில் வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான படப்பிடிப்பு வளாகத்தில் இருந்தது. அக்கரைப்பற்று நண்பர் இரவோடிரவாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. பத்து வருடம், 1994 முதல் 2004 வரை, அந்த நகரத்தைப் பற்றியதாக ஓடிய தொடரின் எழுத்தோட்டமே வேறொரு கரையில் எடுக்கப்பட்டது. ஆனால் இதனால் என் வாதம் கெடவில்லை. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் காட்டிவிட்டுக் கொழும்பில் வீடு எடுத்துப் படமாக்குகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு.

ஜூன் 9, பின்னேரம்

இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மிஸ்டர் பீன் நம்மவர்களில் பலருக்கு முதற்பழக்கமான வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர். மொழி தேவைப்படாததால் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து பார்க்க முடிந்தது. பிரித்தானியாவில் 1990 ஜனவரி 1ஆந் திகதி தொடங்கியது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது தாண்டவன்வெளியில் என் தாயாரின் வீட்டில் கார் பற்றரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. இருட்டுக்குள் ஓர் ஒளிக்கற்றை தெருவில் வட்டமாக விழும், அதற்குள் வானத்திலிருந்து ஒரு மனிதன் தொப்பென்று விழுவான், தேவாலயப் பாடகர் குழு இலத்தீனில் உருக்கமாகப் பாடும்.

அம்மம்மா அடுப்படியில் இருப்பார். படம் தெரியாது, பாட்டு மட்டும் கேட்கும். முதல் நாள் அந்தப் பாட்டைக் கேட்டவுடன் தேங்காய்ப்பால் பட்ட கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "பூசை எங்க நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வந்தவர் கண்டது, ஒருவன் எழும்பித் தலையைத் தடவிக்கொண்டு ஓடுவதை.

அந்த இலத்தீன் வரியின் பொருளைப் பல வருடங்களுக்குப் பின்னர்தான் அறிந்தேன். இசையமைத்தவர் ஹோவார்ட் குட்ஓல். "இதோ, அவரை விதையாகிய மனிதன்" என்பது வரி. பிலாத்து இயேசுவைக் கூட்டத்தின் முன் நிறுத்திச் சொல்லும் "இதோ மனிதன்" என்ற இலத்தீன் வசனத்தோடு ஓர் அவரை விதையைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஆக, அம்மம்மா கையெடுத்தது முழுத் தவறில்லை.

ஜூன் 11

த ஒஃபிஸ் பற்றிக் கேட்டவருக்கு. 2001இல் வந்த பிரித்தானியத் தொடரின் எழுத்தோட்டத்தில் ஸ்லவ் என்ற ஊரின் சாம்பல் நிறக் கட்டடங்களும் ஒரு சுற்றுவட்டமும் வந்து போகும். இசையும் சோர்ந்த இசை. மனிதர் எவரும் இல்லை. 2005இல் அமெரிக்காவில் அதையே எடுத்தபோது ஸ்க்ரான்டன் நகரக் காட்சிகளோடு ஊழியர்களையும் சேர்த்தார்கள். பியானோ சற்றுத் துள்ளுகிறது. அந்த நகரக் காட்சிகளை அத்தொடரில் ஜிம்மாக நடித்த ஜோன் கிரசின்ஸ்கி தாமே ஊருக்குப் போய்ப் படம்பிடித்து வந்தார். ஒரே கதை, ஒரே கந்தோர், ஒரே மூடத்தனமான மேலாளர். முதலாவதில் "இங்கே சிக்கிக்கொண்டோம்" என்று தோன்றுகிறது. இரண்டாவதில் "இங்கே சேர்ந்திருக்கிறோம்" என்று தோன்றுகிறது. இந்த வேறுபாடு இரண்டு தொடர்களுக்குள்ளும் கடைசி வரை ஓடுகிறது என்பது என் கருத்து. ஒருவருக்கும் ஒப்புதல் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், இதற்காகச் சண்டை போட எனக்கு நேரமில்லை.

ஜூன் 14

சண்டை போட நேரமில்லை என்று சொன்னவன் மூன்று நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் கூத்துக்குச் சல்லரி என்ற கைத்தாளம் போட்டவர். கூத்தாடும் வட்டக்களரியில் எவரும் சும்மா நடந்து வருவதில்லை. அரசன் வருமுன் கட்டியகாரன் வந்து, வருகிறவர் யார், எப்படிப்பட்டவர், சபை எப்படி இருக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டுப் போவான். பிறகு அரசனுக்குரிய வரவுத் தாளம் மத்தளத்தில் விழும். பெண் பாத்திரத்துக்கு வேறு தாளம், வேடனுக்கு வேறு, பறவைபோலத் துள்ளி வரும் கோமாளிக்கு வேறு. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் வருகிறவன் சிரிப்புக்காரனா, வாளுக்காரனா என்று தெரிந்துவிடும். கோமாளியின் தாளம் கேட்டதும், பாயில் தூங்கிக் கொண்டிருந்த பிள்ளைகள் எழும்பி உட்கார்ந்துவிடுவதை நானே கண்டிருக்கிறேன். அவன் இன்னும் ஒரு சொல்லும் பேசியிருக்க மாட்டான்.

தொலைக்காட்சி எழுத்தோட்டமும் அந்த வரவுதான் என்று எழுதி முடிக்க நினைத்தேன். அழகான முடிவாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

ஜூன் 15, காலை 6.50

சந்தேகத்தைத் தெருத்தெருவாகப் பாண் விற்றுப் போகும் பாண் ஓட்டோ உறுதிப்படுத்திவிட்டது.

இப்போது என் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒலிபெருக்கியில் பீத்தோவனின் ஃபூர் எலிஸ். வேறு பல நாடுகளில் அந்த மெட்டைக் கேட்டால் யாரோ ஒரு பிள்ளை பியானோ பழகுவதாகவோ, மென்சோகமான ஏதோ நினைவாகவோதான் எடுத்துக்கொள்வார்கள். இலங்கையில் பிறந்த பிள்ளைக்கு அது அந்த ஓட்டோ கொண்டுவரும், சீனி தூவிய கிம்புலா பனிஸ். என் மகளுக்கு ஒரு முறை யூடியூப்பில் ஒரு பெரிய கலைஞர் அதை வாசிப்பதைப் போட்டுக் காட்டினேன். அவள் எழும்பிக் கதவடிக்குப் போய்க் காசு கேட்டாள்.

மெட்டுக்குள் பனிஸ் எதுவும் இல்லை. நாள்தோறும் மெட்டு வந்தபின் பனிஸ் வந்தது, அவ்வளவே. ஆகவே எழுத்தோட்டம் தொனியைக் கொடுக்கிறது என்று 8ஆந் திகதி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். முதல் நாள் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அம்மம்மாவுக்கு அது பூசையாகத்தான் கேட்டது. நாலாவது, ஐந்தாவது கிழமையில், தனக்குப் பின்னால் வந்த சிரிப்பையெல்லாம் அது தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. அதன் பிறகு தொடக்கத்திலேயே அதைத் திருப்பிக் கொடுக்கிறது. மூன்றாம் மாதம் அளவில் அதே இலத்தீன் பாட்டுக்கு அம்மம்மா அடுப்படியில் இருந்தபடியே சிரிப்பார். சிலுவை போடுவதை மட்டும் விடவில்லை.

கூத்தும் இதற்கு விலக்கல்ல. ஆடுவோருக்குச் சட்டம் என்ற பாத்திரப் பாடம் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை, கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகைகளில் ஊரே பல மாதம் அந்த வரவுத் தாளங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் எழும்பியதற்குக் காரணம் தாளம் மட்டுமில்லை, பழக்கமும்தான்.

ஜூன் 16

"அப்படியென்றால் எந்த இசையைப் போட்டாலும் சரியா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் இல்லை என்பதை நிறுவுவது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது.

15ஆந் திகதி நான் எழுதியதற்குச் சாதகமான சான்று ஒன்று. 1970இல் தொடங்கிய மேரி டைலர் மூர் தொடர், தனியாக மினியாபொலிஸ் நகருக்கு வேலைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றியது. எழுத்தோட்டத்தின் இறுதியில் தெரு நடுவே நின்று தொப்பியைக் கழற்றி வானத்துக்கு எறிவார்; பின்னால் நிற்கும் ஒரு வயதான அம்மாள் இது என்ன பைத்தியம் என்பதுபோலப் பார்ப்பார். அந்த அம்மாள் நடிகை அல்லர், தெருவில் போனவர். முதல் பருவத்தின் பாட்டில், இந்தப் பெண் ஒருவேளை சமாளித்துவிடலாம் என்ற ஐயம் இருந்தது. இரண்டாம் பருவத்தில் வரியை மாற்றி, நிச்சயமாகச் சமாளித்துவிடுவாள் என்று பாட வைத்தார்கள். ஒரு பருவம் முழுதும் அவர் சமாளித்ததை எல்லாரும் பார்த்துவிட்ட பிறகு பழைய வரி பொய்யாகிவிட்டது. இங்கே தொடர்தான் எழுத்தோட்டத்தைத் திருத்தியது.

அதற்குப் பாதகமான சான்று ஒன்று. 1971இல் வந்த ஓல் இன் த ஃபமிலி தொடரில், கணவனும் மனைவியுமாக நடித்த இருவரும் பியானோவின் முன் அமர்ந்து பழைய காலத்தைப் புகழ்ந்து பாடுவார்கள். மனைவியின் குரல் உச்சத்தில் கீச்சிடும்போது அரங்கில் இருப்பவர்கள் சிரிப்பது கேட்கும். அந்தக் கீச்சிடலுக்கு ஒரு கிழமைப் பழக்கமும் தேவையில்லை. முதல் நாளே இவர்கள் எப்படிப்பட்ட தம்பதி என்று தெரிந்துவிடும். இடையில் ஒரு காரின் பெயர் வரும் வரி பார்ப்பவர்களுக்கு விளங்கவில்லை என்று கடிதங்கள் வந்து குவிந்ததால், பின்னர் சொல்லைத் தெளிவாக உச்சரித்து மறுபடி பதிவு செய்தார்கள். சொல் பொருட்டில்லை என்றால் அவர்கள் ஏன் அந்தச் சிரமம் எடுக்க வேண்டும்?

ஜூன் 20

இனி என் சொந்தத் தோல்வியைச் சொல்லாமல் முடியாது.

நான் பிழைப்புக்குக் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். போன வருடம் கல்லடியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இணையத்துக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் எடுத்தோம். ஒரு வீடு; கடன் கேட்டு, கார் கேட்டு, தேங்காய் துருவி கேட்டு, எந்நேரமும் யாராவது உறவினர் வந்து நிற்பார்கள். எழுத்தோட்டத்தை நான்தான் செய்தேன். 42 வினாடி. ட்ரோனில் வாவி, வைகறையில் கல்லடிப் பாலம், வலை வீசும் ஒருவர், பின்னணியில் புல்லாங்குழல். கலியாண வீடியோவில் பழகிய கை வேறென்ன செய்யும்? பெருமையோடு போட்டேன்.

முதற் பின்னூட்டத்தில் ஒருவர், எந்தத் தொண்டு நிறுவனத்தின் படம் இது என்று கேட்டார். இன்னொருவர், மீனவர் பிரச்சினையை எடுத்ததற்கு நன்றி என்று எழுதினார். பாகம் தொடங்கி நாலு நிமிடம் வரை எவரும் சிரிக்கவில்லை, வீட்டில் வைத்துப் போட்டுக் காட்டியபோதும் அப்படித்தான். யாரோ இறக்கப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

மூன்றாம் பாகத்திலிருந்து அதை எடுத்துவிட்டு 6 வினாடியாக்கினேன். கறுப்புத் திரை. சைக்கிள் மணி இரண்டு தடவை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "ஆருகா அது?" (யார் அது?) உடனே தொடரின் பெயர்.

இந்த அனுபவத்தை 15ஆந் திகதிக் குறிப்போடு வைத்துப் பார்க்கும்போது என் நிலைப்பாடு இப்படி வந்து நிற்கிறது. நல்ல எழுத்தோட்டத்தால் முதல் நாளே சிரிப்பை உண்டாக்க முடியாது, கீச்சிடும் குரல் போன்ற நேரடிச் சிரிப்பை உள்ளேயே வைத்திருந்தால் ஒழிய. ஆனால் கெட்ட எழுத்தோட்டத்தால் முதல் நாளே சிரிப்பைத் தடுக்க முடியும். என்னால் 42 வினாடியில் நாலு நிமிடத்தைக் கெடுக்க முடிந்தது. மிஸ்டர் பீனில் அந்தப் பூசைப் பாட்டு கெடுக்கவில்லையே என்று கேட்பீர்கள். பாட்டு முடியுமுன் ஆள் தொப்பென்று விழுகிறான் அல்லவா, அதுதான் காப்பாற்றுகிறது. என் வாவியில் ஒருவரும் விழவில்லை.

ஜூன் 21

தொடருக்கு உதவி செய்த புடவைக்கடை பற்றிக் கேட்டவருக்கு: ஆம், எழுத்தோட்டத்துக்குள் தங்கள் பெயர் வர வேண்டும் என்றார்கள், அதுவும் சங்கொலியோடு. கடையின் பெயரை எழுத மாட்டேன். இந்தத் தொல்லை புதிதல்ல. 1951இல் தொடங்கிய ஐ லவ் லூசியின் எழுத்தோட்டமே முதலில் கார்ட்டூனாக வந்த கணவனும் மனைவியும் பணம் கொடுத்த பிலிப் மொரிஸ் நிறுவனத்தின் சிகரெட் பெட்டியோடு விளையாடுவதாகத்தான் இருந்தது. இன்று எல்லாருக்கும் நினைவிலிருக்கும் பட்டுத்துணிமேல் இதயம், மறுஒளிபரப்புக்காகப் பின்னால் வைத்தது. எங்கள் சங்கு இரண்டு பாகத்தோடு போய்விட்டது. பணமும் போய்விட்டது.

ஜூன் 27

சம்மாந்துறைத் தம்பியின் கேள்விக்கு இவ்வளவு நாளாக யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, நான் உட்பட.

நெட்ஃபிளிக்ஸில் அந்தத் தாண்டும் பொத்தான் 2017இல் வந்தது. அதற்கு முன் கிழமைக்கு ஒரு தடவை கேட்டதை, இப்போது ஒரே இரவில் ஆறு தடவை கேட்க வேண்டியிருக்கிறது; அழுத்துவதில் குற்றமில்லை. பாண் ஓட்டோ பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தால் நானும் கதவைச் சாத்துவேன். கிழமைக்கு ஒன்று என்ற கணக்கில் செய்யப்பட்ட பொருள் அது.

அந்தச் சலிப்பை முன்கூட்டியே உணர்ந்தவர்களும் உண்டு. 1960களின் டிக் வான் டைக் தொடரில், வீட்டுக்குள் வருகிறவர் ஒரு நாள் கால் வைக்கும் மெத்தைப் பீடத்தில் இடறி விழுவார், இன்னொரு நாள் லாவகமாக விலகிப் போவார். எந்த நாள் எது என்று தெரியாது. சிம்ப்சன்ஸில் குடும்பம் சோபாவுக்கு ஓடிவரும் விதம் பாகத்துக்குப் பாகம் மாறும். சைன்ஃபெல்டின் இசையை ஜொனதன் வொல்ஃப், நாயகரின் மேடைப்பேச்சின் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாகப் பொருத்தினார். ஃபிரேசியரில் நகரத்தின் கோட்டோவியம் ஒன்று சில வினாடி தோன்றி மறையும்; பாட்டை இறுதியில் வைத்துவிட்டார்கள். எனக்கு இதுவே மிகவும் பிடித்த தீர்வு.

தம்பி தாண்டியும் சிரிக்கிறீர்கள் என்றால், அழுத்துமுன் ஓரிரு வினாடியாவது உங்கள் காதில் விழுகிறது. பொத்தான் தோன்றும்போது இசை ஏற்கெனவே தொடங்கியிருக்கும். உங்களுக்கு அது போதும். ஒரு பரிசோதனை செய்து பாருங்கள்: ஒலியை முழுதாக அடைத்துவிட்டு, தாண்டியபின் ஒலியைத் திறந்து, நேராக முதற்காட்சியைப் போட்டுப் பாருங்கள். என் வீட்டில் செய்தபோது மகள் முதல் நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை, இரண்டாவதற்குச் சிரித்தாள். ஒரு வீட்டில் ஒரு தடவை செய்ததை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதும் தெரியும்.

ஜூலை 3

பலர் கேட்டதற்காக. எங்கள் 6 வினாடிக்கும் முதலில் சிரிப்பு வரவில்லை. ஏழாம் பாகம் வந்தபோது மணியடித்தவுடன், குரல் வருமுன்பே, பார்ப்பவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்த ஒருவர் "ஆருகா" என்பதில் அந்தக் "கா" யார் என்று கேட்டு எழுதினார். ட்ரோன் சொல்லாத ஊரை, மட்டக்களப்புப் பேச்சில் ஒட்டிவரும் அந்த ஓர் எழுத்து சொல்லிவிட்டது போலும்.

குரல் கொடுத்த நடிகை யார் என்று கேட்கிறீர்கள். நடிகை இல்லை, என் தாயார். மணியை வாசலில் நின்று பதிவு செய்துகொண்டிருந்தேன், வெளியில் உண்மையாகவே யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து உள்ளேயிருந்து கேட்டார். இன்னும் இரண்டு தடவை கேட்டார், மூன்றாவது தடவை நல்ல ஏச்சு, அதையெல்லாம் வெட்டிவிட்டேன். தொடரில் வருவது தன் குரல் என்று தெரிந்த பிறகு, திருத்தமாகச் சேலை உடுத்திக்கொண்டு வந்து இன்னொரு முறை பதிவு செய்யச் சொன்னார். படமே எடுக்கவில்லை, குரல் மட்டும்தான் என்று சொன்னேன். கேட்கவில்லை. அந்தப் புதிய பதிவும் என்னிடம் இருக்கிறது: "யார் அங்கே?" என்று வானொலிச் செய்தி வாசிப்பதுபோல.